ரெண்டாவது லயத்துத் தனலெட்சுமி

போன வெள்ளிக்கிழமை ஜெராம் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். தனலெட்சுமி அக்காவின் மகள் கைப்பேசியில் அழைத்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே. படுக்கறதுக்கு முன்னாடிகூட டிவியில பாடுன பொண்ண, 'சுருதிய எங்கம்மா தொலைச்ச?'ன்னு திட்டிட்டுத்தான் படுத்தாங்க" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. நான் விலையைக் கேட்டு அழுவதாக நினைத்த மீன்காரர் பாவப்பட்டு விலையைக் குறைத்துவிட்டார்.

எண்பதுகளில் கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் எங்கள் இசைக்குழுவைக் கேட்டவர்களுக்கு அக்காவை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அப்போது பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வீடு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில். பகலில் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குவார். சாயங்காலம் எங்களோடு பாடுவார். நான் டிரம் வாசிப்பவன். ஒத்திகையில் நான் கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், பாட்டை நிறுத்திவிட்டு, "ஏன் தம்பி, பழம் ஏத்த லோரி வந்து நிக்குதா?" என்பார்.

சபாக் பெர்ணம் வரை பாடியவருக்குத் தம் சொந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மட்டும் மேடை கிடைக்கவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. வெளியூர்ப் பாடகர்தான் வேண்டும். அதிலும் கோலாலம்பூர் என்றால் மாலை, பொன்னாடை, வேனில் மைக் கட்டி விளம்பரம். உள்ளூர்க்காரருக்கு வறுத்த நூடுல்ஸ், ஒரு மீ கோரேங் பொட்டலம். ஒவ்வொரு வருடமும் கேட்பார். கோயில் தலைவரும், "நீ நம்ம புள்ளதானே தனம், ஒம் பாட்டத்தான் தெனம் பைப்படியில கேக்குறமே" என்று அனுப்பிவிடுவார். "ஊரெல்லாம் கை தட்டுது தம்பி. எங்காத்தாவால வண்டி ஏற முடியாது. அது என்னை ஒருதடவகூட மேடையில பாக்கல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

ஒரு வருடம் அந்தத் திருவிழாவுக்கு வாசிக்க எங்கள் குழுவை அழைத்திருந்தார்கள். பாட மட்டும் கோலாலம்பூர்ப் பாடகி. அந்த அம்மாள் வந்த கார் வழியில் ஈஜோக்கில் படுத்துக்கொண்டது. தலைவர் வியர்த்து விறுவிறுத்து அக்காவிடம் ஓடிவந்தார்.

"தனம், மானத்தக் காப்பாத்து! கறுப்புக் கண்ணாடி போட்டுக்க. கோலாலம்பூருப் பாடகின்னே சொல்லிடுறேன்."

"பாடுறேண்ணே. ஆனா எம்பேரச் சொல்லித்தான் கூப்புடணும். எங்காத்தாவ முன் வரிசையில ஒக்கார வைக்கணும்."

"சனம் கல்லெடுத்து அடிக்கும்லா!"

"அடிச்சா எம்மேலதானே விழும்?"

தலைவர் மேடையேறினார். ஒரு வாரமாக வேனில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "கோலாலம்பூரிலிருந்து நேரடியாக வருகை தந்திருக்கும் நம்ம ரெண்டாவது லயத்துத் தனலெட்சுமி!" என்று முழங்கிவிட்டார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "காலையில பழம் பொறுக்கிக்கிட்டு இருந்தியே, எப்பலா கோலாலம்பூரு போன?" என்று யாரோ கத்தினார்.

"அங்க பொறுக்கப் பழம் இல்லன்னு திரும்பி வந்துட்டேன்லா!" என்றார் அக்கா, மைக்கைப் பிடுங்கி.

அதே சிரிப்போடு அம்மன் பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் கூட்டம் அடங்கியது. முன் வரிசையில் ஆத்தா வாயில் வெற்றிலையோடு மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் கலங்கித் தாளமே தப்பியது. நல்லவேளை, அன்று அக்கா கவனிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் தலைவர் மாலையோடு ஓடினார். "மாலை கெடக்கட்டுமய்யா, எம்மவள இன்னொரு பாட்டுப் பாடச் சொல்லு!" என்று அதட்டினார் ஆத்தா. தோட்டமே கை தட்டியது.

அடுத்த வருடத்திலிருந்து அந்த மேடையின் முதல் பகுதி தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்றானது. எங்கள் வட்டாரத்துக்காரர் என்று இன்று நாம் பெருமையடிக்கும் பாடகர்களும் நகைச்சுவைக்காரர்களும் அங்கே முதன்முதலாக ஏறியவர்கள்தாம். "பயப்படாத, கீழ இருக்கறதெல்லாம் ஒன்னத் திட்டி வளத்த மூஞ்சிங்கதான்" என்று சொல்லி ஒவ்வொருவரையும் மேடைக்குத் தள்ளிவிட்டவர் அக்கா.

இப்போது அந்தத் தோட்டமும் இல்லை, லயங்களும் இல்லை, வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஆனாலும் கோலாலம்பூர் மண்டபங்களில் யாராவது என்னை எந்த ஊர் என்று கேட்டால், நான் பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொல்லி, எத்தனையாவது லயம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அக்கா எனக்கு விட்டுப்போன சொத்து அந்தத் திமிர்தான்.