கூரில் உடைந்த லைட்டும் வியா மாலாவுக்குப் போன வழியும்

வியா மாலா பள்ளத்தாக்குக்குக் காரில் போகலாமா, ரயிலில் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ரயிலில் போங்கள். நான் காரில் போனேன், அதுவும் லைசென்ஸ் கைக்கு வந்த ஒன்பதாம் நாள். 1988 ஜூன், ஒரு சனிக்கிழமை. அந்த நீலக் கடதாசியைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தவன் நான். நாலு வருஷமாக அகதி விண்ணப்பத்துக்கு ஒரு முடிவும் வராமல் இருந்தவனுக்கு, இந்த நாடு முதன்முதலாக 'ஓம்' என்று சொல்லிக் கொடுத்த கடதாசி அது. அதை வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருக்க முடியுமா?

கார் சிவம் அண்ணையுடையது. ஓர்லிகோனில் ஒரே உணவகத்தில் வேலை: அவர் சமையல், நான் கோப்பை கழுவல். என்னோடு கோப்பை கழுவிய மார்க் பின் சீற்றில் ஏறிக்கொண்டான். அமெரிக்கன். சட்டப் படிப்பை ஒரு வருஷம் நிறுத்திவிட்டு ஐரோப்பா பார்க்க வந்தவன்.

காலை 7.10க்குப் புறப்பட்டோம். கூர் நகர் வரை 125 கிலோமீற்றர். நெடுஞ்சாலை வரி ஸ்டிக்கர் அப்போது முப்பது சுவிஸ் பிராங். அதைக் கண்ணாடியில் ஒட்டாமல் ஏறிவிடாதீர்கள். வாலன் ஏரி பச்சையாக விரிந்ததும் நான் சந்தோசத்தில் பாடத் தொடங்கிவிட்டேன். "பாட்டுப் பிறகு, தம்பி. றோட்டைப் பார்," என்றார் சிவம் அண்ணை, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி.

மார்க் வழி முழுக்க ஆங்கிலத்தில் தன் நாட்டு நீதியைப் பற்றியே பேசினான். அவனுடைய தாய் ஒரு கடையில் வேலை செய்கிறவர். ஒரு திருட்டு வழக்கில் அவரைக் கூப்பிட்டு, இன்னும் பதினொரு பேரோடு உட்காரவைத்து, குற்றவாளியா இல்லையா என்று கேட்டார்களாம். நான் மொழிபெயர்த்தேன்.

"கடையிலை நிக்கிற மனிசியோ தீர்ப்புச் சொல்லுறது?" சிவம் அண்ணை சிரித்தார். "பன்னிரண்டு பேர் என்னத்துக்கு எண்டு கேள். எங்கட பக்கம் ஒரு ஆமிக்காரன் காணும்."

அதையும் மொழிபெயர்த்தேன். "எங்கள் நாட்டிலும் எல்லாம் சரியாக நடப்பதில்லை," என்றான் மார்க். "ஆனால் பிழை நடந்தால், அது எங்கள் பிழை என்று சொல்ல வேண்டியவர்களும் நாங்கள்தான்." படிக்கிற பெடியன் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

8.50க்குக் கூர். கோப்பி குடிக்கலாம் என்று பழைய நகருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தெருவில் காரை நிறுத்தப் பின்னுக்கு எடுத்தேன். 'சடார்' என்று ஒரு சத்தம். வெள்ளைக் கார் ஒன்றின் முன் லைட் நொறுங்கிக் கிடந்தது. தெருவில் ஒரு குருவியும் இல்லை.

"எடு காரை, போவம்," என்றார் சிவம் அண்ணை.

மார்க் அதற்குள் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துவிட்டான். தங்கள் ஊரில் இப்படி நடந்தால் பெயரும் விலாசமும் எழுதி வைப்பரின் கீழ் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்றான். எழுதி வைத்தேன். நிமிர்ந்தால், மேல் ஜன்னலில் ஒரு பெண்மணி, கையில் தேநீர்க் கோப்பையோடு. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். துண்டு போதாது, கார்க்காரர் மலைக்குப் போய்விட்டார், மாலைதான் வருவார், ஆகவே பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்றார். நாலு நிமிட நடைதானாம். சட்டம் படித்த மார்க்குக்கு முகம் சிவந்துவிட்டது.

எனக்கோ பொலிஸ் என்றாலே பயம். ஊரில் என் பள்ளித் தோழன் ஒருவன் சைக்கிள் களவு போனதென்று சொல்லப் பொலிசுக்குப் போனான். அவன் திரும்பி வரவேயில்லை. அது ஒரு பக்கம். விண்ணப்பக் கோப்பில் ஒரு பொலிஸ் கேஸ் ஏறினால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் மறுபக்கம்.

சிவம் அண்ணை என் தோளில் கை போட்டார். "கார் என்ர பேரிலை. நான்தான் ஓட்டினது எண்டு சொல்லுறன். எனக்கு வதிவிட அனுமதி, பி காட் இருக்கு, ஒண்டும் செய்யேலாது. நீ வாயைத் திறவாதை."

பொலிஸ்காரர் மீசை வைத்த மனிதர். கார்ப் பத்திரத்தைப் பார்த்து மெதுவாக எழுதினார். முடிந்ததும் தாளை எங்கள் பக்கம் திருப்பி, "வாசியுங்கள். எழுதியது சரிதானா?" என்றார். ஓட்டுநர் என்ற இடத்தில் சிவம் அண்ணையின் பெயர். கார் அவருடையது என்பதால் தானாகவே எழுதிவிட்டார். நாங்கள் பொய் சொல்லக்கூடத் தேவையில்லை. மேசைக்குக் கீழே சிவம் அண்ணை என் காலை மிதித்தார்.

ஆனால் என் ஊரில் எந்தப் பொலிஸ்காரன் 'சரிதானா' என்று கேட்டான்? வெறும் தாளில் அல்லவா கையெழுத்து வாங்குவார்கள்?

"சரியில்லை," என்றேன். "ஓட்டினது நான்."

அவர் என்னைப் பார்த்தார். நீலக் கடதாசியை வாங்கினார். "ஒன்பது நாளா!" என்று மீசைக்குள் சிரித்தார். பிறகு தான் எழுதியதைக் குறுக்கே வெட்டி, என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தும் வைத்தார். இருபத்தைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

"விசரன்," என்றார் சிவம் அண்ணை. கண் கலங்கியிருந்தது. பிறகு கார்த் திறப்பை என்னிடமே தந்தார்.

வியா மாலாவுக்கு இன்னும் முப்பது கிலோமீற்றர். முந்நூற்றுச் சொச்சம் படி இறங்க வேண்டும். நல்ல சப்பாத்து போடுங்கள். கீழே, வானம் ஒரு நாடாவாகத் தெரிகிற இடத்தில் நின்று, தண்ணீர் இரைச்சலுக்கு மேலாக என் முழுப் பெயரையும் கத்தினேன். மார்க்கும் தன் பெயரைக் கத்தினான். சிவம் அண்ணை எங்கள் இருவரையும் தெரியாதவர் போல நின்றார்.

லைட்டுக்குக் காப்புறுதி கொடுத்தது. அடுத்த வருஷம் என் விண்ணப்பத்துக்கும் 'ஓம்' வந்தது. கூர் விஷயத்தை யாரும் கேட்கவேயில்லை.

ஆகவே, காரில்தான் போவேன் என்பவர்களுக்கு: கூரில் ரயில் நிலையத்தின் பெரிய தரிப்பிடத்தில் நிறுத்துங்கள், சின்னத் தெரு வேண்டாம். எதிலாவது முட்டினால் துண்டு வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஆள் இல்லையென்றால் பொலிசுக்கு நடந்து போங்கள். கையெழுத்து வைக்க முன் வாசியுங்கள். பிழை இருந்தால், அது உங்களுக்குச் சாதகமான பிழையாக இருந்தாலும், சொல்லுங்கள். வெட்டித் திருத்துவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.