ஸெவெரின் நட்ட அளவுகோல்

ஸெவெரினுக்குப் பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களைக் கண்டாலே ஆகாது. சறுக்குக் கட்டைகளைத் தோளில் சுமந்து, இடறி இடறி நடந்து, மூவாயிரம் மீட்டர் உயரத்தில் வந்து நின்றுகொண்டு சூப் சூடாக இல்லை என்று சண்டை போடும் ஜென்மங்கள் என்பான். அவர்கள் கொட்டும் காசில்தான் ஓபர்மூஸ் கிராமமே சாப்பிடுகிறது. அதற்காக மரியாதையும் கொடுக்க வேண்டுமா என்ன?

முப்பத்தொரு வருஷமாக அவனுக்கு ஒரே வேலை. விடிந்ததும் முதல் ரோப் காரில் மேலே போவான். திறந்த மேட்டில் நட்டிருக்கும் கோலில் பனி எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்து, அடிவாரப் பலகையில் சாக்பீஸால் எழுதி, கீழே தன் பெயரையும் போடுவான். ஒரு சென்டிமீட்டர்கூடக் கூட்டி எழுதியதில்லை. அந்த எண்ணை நம்பித்தான் இத்தனை ஜனமும் மலையேறுகிறது என்பது அவன் நினைப்பு. பெருமைப்பட வேறொன்றும் அவனிடம் இல்லை. பெண்டாட்டியும் ஒரு சறுக்கு வாத்தியாரோடு போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கையில் கோலில் நாற்பத்தெட்டுதான். சரிவுகளில் பாறை பல்லைக் காட்டியது. வியன்னாவிலிருந்து வந்த புது டைரக்டர் ப்ளாட்னர், வழவழவென்ற பூட்ஸோடு கோலைத் தேடி வந்துவிட்டான். அந்த மலையில் ரோப் காரை விட்டு இறங்கினால் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். ஸெவெரின் இவனை மட்டும் தள்ளி வைக்கிற மாதிரி விடாமல் 'நீங்க' என்றான்.

"இதப் புடுங்கி ஹோட்டலுக்குப் பின்னாடி பள்ளத்துல நடு."

"காத்து பனிய வாரிக் கொட்டுற எடமுங்க அது. மாடு நின்னா கொம்புகூடத் தெரியாது."

"உன்னப் பொய் எழுதச் சொல்லல. கோல் சொல்றத எழுது. முடியாதுன்னா சொல்லு, வேற ஆள் இருக்கு."

ஸெவெரின் நட்டான். மறுநாள் பலகையில் நூற்று அறுபத்திரண்டு என்று எழுதிப் பெயர் போடும்போது கை கூசியது. தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

பலகையைப் பார்த்த ரொட்டிக்கடை கிரெஸ்ஸென்ஸ் நேரே போய்ப் பெரிய சரிவின் குறுக்கே சிவப்புக் கயிற்றைக் கட்டினாள். ஊரின் பனிச்சரிவுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. கோல் நூற்றைம்பதைத் தாண்டினால் பெரிய சரிவை மூட வேண்டும். பன்னிரண்டு பேரைப் பனி விழுங்கிய வருஷம் ஊர் போட்ட விதி அது. தன் ஆபீஸ் சுவரிலேயே தொங்கும் அதை ப்ளாட்னர் படித்ததே இல்லை.

"இன்னும் நாலு நாள்ல கூட்டம் வருது," என்று ஓடி வந்தான் ப்ளாட்னர். "அங்க பனியே இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்டா. பலகைல வேற மாதிரி இருக்கே," என்றாள் கிரெஸ்ஸென்ஸ்.

"அளவு தப்புன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்றான் ஸெவெரின். "கோல நான் பழைய எடத்துல நட்டுர்றேன்."

பேனா கிடைக்காமல் ப்ளாட்னர் கிரெஸ்ஸென்ஸிடமே வாங்கிக் கையெழுத்துப் போட்டான். ஸெவெரினுக்கு வயிறு குளிர்ந்தது.

கிறிஸ்துமஸ் அன்று நாற்பத்தெட்டை வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதி, வருகிறவர்களின் முகம் தொங்குவதைப் பார்க்கப் பலகை அருகிலேயே நின்றான். கூட்டம் நெரிந்தது. ஒருத்தனும் பலகையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பெண் அதன்மேல் சாய்ந்து நின்று, கைபேசியை நீட்டிய கணவனைக் காட்டி, "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? படத்துல விழறீங்க," என்றாள்.

ஸெவெரின் தள்ளி நின்றான். அவள் நகர்ந்தபோது அவள் முதுகில் சாக்பீஸ் தூள் அப்பியிருந்தது. பலகையில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. முப்பத்தொரு வருஷமும் இப்படித்தானா என்று யாரையும் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.