மேம்பாலத்தில் விலைபோகாத கார்

என் காரை வாங்குவதற்காகக் கைலாசபுரத்திலிருந்து ஒருவர் இன்று ஸ்ரீரங்கம் வந்திருந்தார். எப்படியாவது அவர் தலையில் கட்டிவிடும் ஆசையில் மனைவியையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிக் காட்டினேன். "கிளட்ச் புதுசு மாதிரி இருக்கும் சார்!"

பாலக்கரை மேம்பால ஏற்றத்தில் டிராபிக். ஹேண்ட் பிரேக் போடுவதெல்லாம் கத்துக்குட்டிகளின் வேலை என்பது என் கொள்கை. கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி, ஹாஃப் கிளட்ச்சிலேயே உறுமவிட்டு, கார் பின்னால் உருளாமல் கெத்தாக நிறுத்தி வைத்தேன்.

கருகும் நாற்றம் வந்தது.

"கீழ யாரோ குப்பை கொளுத்துறாங்க" என்றேன்.

பாலம் இறங்கி வெகுதூரம் வந்த பிறகும் நாற்றம் போகவில்லை.

"அந்தக் குப்பை நம்ம கூடவே வருது சார்" என்றார் அவர்.

"அது வந்து... நடுவுல என் மச்சினன் ரெண்டு நாள் ஓட்டி கிளட்ச்சைத் தேய்ச்சுட்டான்."

பின்சீட்டிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "என் தம்பிக்குக் கார் ஓட்டவே தெரியாதேங்க!"

"யோசிச்சு சொல்றேங்க" என்று அவர் அடுத்த பஸ் ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டார்.

கார் இன்னும் இருக்கிறது, நண்பர்களே. மேம்பாலம் இல்லாத ஊர்க்காரர்கள் மட்டும் இன்பாக்ஸுக்கு வரவும். பழிபோட ஒரு மச்சினன் இருந்தால் இன்னும் உத்தமம். ஆனால் மனைவியைப் பின்சீட்டில் ஏற்றாதீர்கள்.