பின் சீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்

எங்கள் சின்ன மாமாவை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, அப்பாவின் அரிசி மில்லைப் பார்த்துக்கொண்டு, அப்பாவின் காரையும் ஓட்டிக்கொண்டிருந்தவர். தங்கமான மனிதர். ஆனால் கையில் ஒரு திருப்புளி கிடைத்துவிட்டால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் ஓட விடமாட்டார். சுவர்க் கடிகாரம், அம்மாவின் தையல் மிஷின், அரிக்கேன் விளக்கு எல்லாமே அவர் கையால் ஒருமுறையாவது பிரித்துப் போடப்பட்டவை. அவற்றில் சில மறுபடி ஒன்று சேர்ந்தன.

அந்தக் காரை அப்பா செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பெரிய வீட்டிலிருந்து வாங்கி வந்தார். கறுப்பு நிறத்தில் ஒரு பழைய சீமைக் கார். அதில் கம்பெனியிலேயே பொருத்தி அனுப்பிய ரேடியோ இருந்தது. எங்கள் ஊரில் பஞ்சாயத்து ஆபீஸைத் தவிர வேறெங்கும் ரேடியோ கிடையாது. அப்படிப்பட்ட காலத்தில் ஓடுகிற காருக்குள் ரேடியோ என்றால் சும்மாவா? குமிழைத் திருகியதும் பாடிவிடாது. உள்ளே வால்வு சூடாகும்வரை உர்ரென்று உறுமும். பிறகு திருச்சி ஸ்டேஷன் வரும். காற்று நன்றாக இருந்தால் கொழும்பும் வரும்.

ஆனால் அதன் ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம்தான். அதுவும் முன் சீட்டுக்கு நேரே, கால் வைக்கிற இடத்துக்கு மேலே ஒளிந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் மட்டுமே பாட்டுக் கேட்கும். எங்கள் வீட்டு வழக்கப்படி ஆண்கள் முன்னால், பெண்களும் பிள்ளைகளும் பின்னால். ஆகவே பின்சீட்டில் எங்களுக்கு வாய்த்தது இஞ்சின் சத்தமும் புழுதியும்தான்.

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, பாட்டென்றால் உயிரை விடுவாள். வண்டி கிளம்பிய மறுநிமிடமே என் விலாவில் குத்துவாள்.

"ஏய், என்ன பாட்டுடி ஓடுது? கேட்டுச் சொல்லு."

நான் எழுந்து, முன்சீட்டின் முதுகில் வயிற்றை அழுத்திக் கவிழ்ந்து, காதைத் தீட்டிக் கேட்டு, வரி வரியாக அத்தைக்குச் சொல்ல வேண்டும். ஒரு வரி கேட்கும், அடுத்த வரி கேட்காது. கேட்காத வரியை நானே போட்டு நிரப்பிவிடுவேன். "அப்படி வராதுடி, சரியாக் கேளு" என்று மறுபடி குத்துவாள். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் என் தாடை சீட்டில் இடிக்கும். மாமா எதிரே இருந்த சின்னக் கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டுவார். இந்தக் கொடுமைக்கு ஒரு முடிவே கிடையாதா என்று எனக்கு அழுகையாக வரும்.

முடிவு வந்தது, திருப்புளி ரூபத்தில். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கார் அம்மணமாக நிற்கிறது. பின்சீட்டு வேப்பமரத்தடியில் கிடக்கிறது. மாமா புதுக்கோட்டையில் ஒரு மைக்செட் கடையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பழைய ஸ்பீக்கரை வாங்கி வந்து, தேயிலைப் பெட்டிப் பலகையில் அதற்கொரு கூடு செய்துகொண்டிருந்தார்.

"எதுக்கு மாமா?"

"பின்னாடியும் கேக்கணும்ல குட்டி."

என்மேல் இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்துபோனேன். அந்த நெகிழ்ச்சி அன்று ஒரு பொழுதுகூட முழுதாக நிற்கவில்லை. பெட்டியை உட்காரவைத்த இடம் பின்சீட்டில் நான் உட்காரும் மூலை. அதற்கு வந்த வயர் என் கொலுசில் மாட்டியது. என் பாவாடை பெட்டியின் ஆணியில் கிழிந்தது. இது போதாதென்று முன்பக்கம் ஒரு சுவிட்சு வைத்தார். ஒரு பக்கம் தள்ளினால் முன்னால் பாடுமாம், மறுபக்கம் தள்ளினால் பின்னால், நடுவில் விட்டால் இரண்டிலும். எல்லாம் பேச்சோடு சரி. முன்னால் தள்ளினால் பின்னால் அலறும். பின்னால் தள்ளினால் இரண்டும் ஊமையாகும். அப்போதெல்லாம் அந்தச் சுவிட்சு ஒரு நாளாவது சொன்ன பேச்சைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மாமா அதை நோண்டி நோண்டிப் பாட வைத்துப் பார்ப்பதில் பேட்டரி செத்துவிடும். காலையில் கார் கிளம்பாது. மில் ஆட்கள், அம்மா, நான் என்று சகலரும் தள்ளுவோம். பள்ளிக்கூடம் போகத் தலைவாரிப் பூ வைத்துவிட்டுக் கார் தள்ளிய ஒரே பெண் அந்த ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன்.

"மாப்ளே, கார் ஓடுனாப் போதும்யா. அது பாட வேணாம்" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். அப்பா அவரை வார்த்தைக்கு வார்த்தை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார்.

"இந்த வாரம் சரியாயிரும் மச்சான்" என்பார் மாமா. எந்த வாரம் என்று யாருக்கும் தெரியாது.

பாடினவரைக்கும் அத்தைக்குச் சந்தோஷம். பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு வருவாள். என் விலாவுக்கும் விடுதலை கிடைத்தது. மற்றபடி வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை, ஏனென்றால் அத்தைக்குக் கல்யாணம் தகைய மாட்டேன் என்றது. வந்த இடங்கள் ஜாதகம், அது இது என்று தட்டிப்போய்க்கொண்டே இருந்தன. அப்பா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. கடைசியாக ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. இதுவும் போனால் பிறகு தன்னால் ஆகாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவர்களை அழைத்து வரும் பொறுப்பு மாமாவுக்கு. ஒரு பொம்பளைப் பிள்ளை கூடப் போனால் மரியாதையாக இருக்கும் என்று என்னையும் ஏற்றிவிட்டார்கள்.

"மாப்ளே, ஒன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன். இன்னைக்கு ரேடியோவத் தொட்றாதே" என்றார் அப்பா. மாமா தலையை ஆட்டினார்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை முன்னால் ஏறினார். அவருடைய அம்மாவும் பெரியப்பாவும் பின்னால். பெரியப்பா பெட்டிக்கு ஒட்டினாற்போல உட்கார, நான் நடுவில் நசுங்கினேன். ஊரைத் தாண்டியதும் மாப்பிள்ளையின் கண் ரேடியோமேல் விழுந்தது.

"இது பாடுமாங்க?"

"பாடாதுங்க. ரிப்பேரு" என்றார் மாமா.

எனக்குப் பொறுக்குமா? என் பாவாடையைக் கிழித்து, என் மூலையைப் பிடுங்கி, என்னைக் கார் தள்ள வைத்த ரேடியோ பாடாதாமா?

"பொய் சொல்றாக! நல்லாப் பாடும். பின்னாடி எம்மாம்பெரிய பொட்டி இருக்கு பாருங்க!"

மாப்பிள்ளை குமிழைத் திருகிவிட்டார். சிறிது நேரம் உறுமல். பிறகு பெரியப்பாவின் காதுக்குள் நாதஸ்வரமும் தவிலும் ஒருசேர இறங்கின. அவர் துள்ளிய துள்ளலில் மேல்துண்டு ஜன்னல் வழியே பறந்தது. மாமா சுவிட்சைத் தள்ளினார். சத்தம் இன்னும் கூடியது. குமிழைத் திருகினார். அது கையோடு கழன்று வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் ஓடுகிற வண்டியிலிருந்து இப்படிச் சத்தம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சினிமா நோட்டீஸ். வழியில் இருந்த ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் "நோட்டீசு! நோட்டீசு!" என்று கத்திக்கொண்டு காரைத் துரத்தின. ஒரு பயல் பின்னால் தொற்றிக்கொண்டு, "என்ன படம்ங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே கேட்டான். அந்த அம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வாசலில் வந்து இறங்கியபோது பின்னால் ஒரு படையே நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

எல்லோரும் உள்ளே போனார்கள். காரியம் கெட்டது என்று எனக்கே தெரிந்தது. மாமா மட்டும் காரில் சாய்ந்துகொண்டு வெகு தெளிவாக நின்றார். திட்டு வாங்கப் போகிற ஆளுக்கு முகத்தில் இத்தனை வெளிச்சம் எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திட்டு வரவில்லை. அப்பா வெளியே ஓடி வந்து மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே! அவுகளுக்குச் சம்மதமாம்யா! மாப்பிள்ளைக்கு ரேடியோன்னா கிறுக்காம். கல்யாணத்துக்கு இந்தக் கார்லதான் போகணும்ங்குறாரு. ஒன் பொட்டி காரியத்த முடிச்சுக் குடுத்துருச்சுய்யா!"

மாமா "நல்லதாப் போச்சு மச்சான்" என்றார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய், அன்று காலையில்தான் கழுவிய காரை மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

அன்று அம்மா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே பொரிந்து தள்ளினாள். "ஒன் வாயில என்னடா, கொழுக்கட்டையா வச்சிருந்தே? முறை இருக்கு, மனசு இருக்கு. இத்தன நாளு ஒரு வார்த்தை ஒன் மச்சான்கிட்டக் கேக்குறதுக்கென்ன?"

"ஒங்க வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு என்னத்தக்கா கேக்குறது? விடு. வாக்குக் குடுத்தாச்சு."

ஏதோ மில் விவகாரம் என்று நினைத்துக்கொண்டு நான் இன்னொரு அப்பளம் கேட்டேன். இப்போது நினைத்தால் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அப்பா மாட்டேன் என்றிருப்பாரா? யாருக்குத் தெரியும்? கேட்டால்தானே! ஒரு காரையே பிரித்துப் போட்டு வயர் இழுக்கத் துணிந்த மனிதருக்கு வாயைத் திறக்கத் துணிவில்லை.

கல்யாணம் முடிந்து அத்தையைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். மாமாதான் ஓட்டினார். புது மாப்பிள்ளை அத்தை பக்கத்தில் உட்காராமல், ரேடியோவைத் திருக வேண்டுமென்று அடம்பிடித்து முன்னால் ஏறிக்கொண்டார். பின்னால் அத்தை, அம்மா, துணைக்கு நான். அறந்தாங்கி தாண்டினால் கடல் பக்கம். கொழும்பு தெள்ளத்தெளிவாக வரும். வந்தது. இரண்டு ஸ்பீக்கரிலும் பாட்டு. அப்போது மாமாவின் கை கீழே சுவிட்சுப் பக்கம் போனதை நான் பார்த்தேன். முன்னால் சத்தம் நின்றுபோயிற்று. பின்னால் மட்டும் பாடியது.

மாப்பிள்ளை தட்டிப் பார்த்தார், திருகிப் பார்த்தார். "என்னங்க, இங்கிட்டுச் சத்தம் வரலையே?"

"சுவிட்சுக் கோளாறுங்க. அங்கிட்டு வருது" என்றார் மாமா. மாட்டுவண்டியெல்லாம் எங்களைத் தாண்டிப் போகிற அளவுக்கு மெதுவாக ஓட்டினார்.

அத்தை என் விலாவில் குத்தவில்லை, என்ன பாட்டு என்று கேட்கவும் இல்லை. பெட்டிமேல் தலையைச் சாய்த்து ஜன்னலைப் பார்த்து அழுதுகொண்டே வந்தாள். புதுப்பெண் அழத்தான் செய்வாள். எனக்கோ, புது மாப்பிள்ளை முன்னால் மாமாவின் வேலை இப்படி மானத்தை வாங்குகிறதே என்று தாங்கவில்லை.

"மாமா, முன்னாடி கேக்கலையாம்! சுவிட்சத் திருப்பி விடுங்க!"

அத்தை என் தொடையைத் திருகிய திருகலில் உயிர் போயிற்று. "சும்மா வாடி" என்றாள், தலையைத் தூக்காமலே.

திரும்பி வந்த மறுநாள் சுவிட்சை நானே தள்ளிப் பார்த்தேன். முன்னால் என்றால் முன்னால், பின்னால் என்றால் பின்னால், நடுவில் விட்டால் இரண்டும். மாமா எப்போதோ அதைச் சரிசெய்து முடித்திருக்கிறார். நான் இதைச் சொல்ல ஓடியபோது அவர் திருப்புளியோடு வந்து பின்சீட்டுப் பெட்டியைக் கழற்றத் தொடங்கினார்.

"இப்பத்தானே மாமா ஒழுங்காப் பாடுது! ஏன் கழட்டுறீங்க?"

"இனிமே பின்னாடி யாரு குட்டி கேக்கப் போறா?"

"ஏன், நான் ஒருத்தி இல்லையா?" என்று காலை உதைத்து அழுது, ஊரையே கூட்டினேன். மாமா அடுத்த திருகாணியைக் கழற்றினார். அதற்கப்புறம் பல நாள் நான் அவரோடு பேசவே இல்லை.