ஆயுத பூஜைக்குத் துடைத்த பெட்டி

“…அதனால இனிமே அந்தப் பெட்டியத் தொடவே மாட்டனுங்ணா, சாமி சத்தியமா” என்று சொல்லிக்கொண்டேதான் அந்தப் பெண் என்னை ஸ்டூடியோவுக்குள் கூப்பிட்டார்.

தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிப் பக்கமிருந்து மைசூருக்கு வந்த தம்பதி. கணவர் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பார். ஆல்பம் செய்வதெல்லாம் மனைவி. அவர் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன் என்றால் பாதிக் கடையை மூட வேண்டியதுதான்.

முந்தின நாள் ஆயுத பூஜை. இந்த ஊரில் அன்றைக்கு ஸ்கூட்டரிலிருந்து ஜெராக்ஸ் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. மனைவி கூடுதல் சிரத்தையாகப் பெட்டியைத் திறந்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றித் தூசி தட்டி, திரும்ப மாட்டி, குங்குமம் வைத்திருக்கிறார். மறுநாள் பெட்டி கிளம்பவில்லை. நஞ்சன்கூடு கல்யாணம் ஒன்றின் படங்கள் அத்தனையும் உள்ளே. சாயந்திரம் பெண் வீட்டார் பார்க்க வருகிறார்கள்.

“மூச்சு விடுது, கண்ணத்தான் தொறக்க மாட்டேங்குது” என்றார் மனைவி.

எனக்கு இந்தப் பேச்செல்லாம் உயிர். நான் எந்த வகுப்பிலும் படித்தவனில்லை. ஜனங்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டே ரிப்பேர் பழகியவன். இவர் சொன்னது அப்பட்டமான உண்மை. மின்சாரம் வருகிறது, ஃபேன் சுற்றுகிறது. கிளம்பிப் பாதி வழியில், கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்தோடு நின்றுவிடுகிறது.

“எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டறது ஒண்ணுதானுங்ணா பாக்கி” என்றார் கணவர்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. பெட்டியின் நெற்றியில் வைத்த பொட்டை அவரே பயந்து அழித்திருந்தார். சிவப்பாக ஒரு இழுப்பு மட்டும் மிச்சமிருந்தது.

வெள்ளை எழுத்தைப் படித்தேன். படங்கள் உள்ள டிஸ்க்கைக் காணோம் என்றது. திறந்து பார்த்தால் டிஸ்க் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

“வயர மாத்திச் சொருகிட்டனுங்களா?”

“மாறித்தான் இருக்கு. ஆனா அது தப்பில்லம்மா. கெளம்பும்போது எந்த டிஸ்க்க எங்க சேர்க்கணும்னு உள்ள ஒரு ஃபைல் சொல்லும். ‘ரெண்டாவதா ஒக்காந்திருக்கறவன்கிட்ட படம் இருக்கு’ன்னு அதுல எழுதியிருக்கு. இப்ப ரெண்டாவதா ஒக்காந்திருக்கறது வேற ஆளு. ஆளு எங்க ஒக்காந்தா என்ன, ஆளோட அடையாளத்த எழுதியிருக்கணும்.”

“யாருங்ணா அப்படி எழுதுனது?”

கணவர் மானிட்டரில் தொங்கிய சாமந்தி மாலையைச் சரிசெய்ய ஆரம்பித்தார். “பெட்டிக்கு நானே லினக்ஸ் போடறப்ப… வீடியோல அப்படித்தானுங்ணா காட்டுனான்.”

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பிறவியிலேயே வந்ததுபோல நீளமான எண் ஒன்று உண்டு. எந்த வயரில் மாட்டினாலும் அது மாறாது. அந்த ஃபைலில் ‘ரெண்டாவது’ என்றிருந்ததை அழித்து, அந்த எண்ணை எழுதிச் சேமித்தேன். மறுபடி போட்டதும் மளமளவென்று கிளம்பி வந்தது. திரையில் மாலையும் கழுத்துமாகச் சிரித்தாள் நஞ்சன்கூட்டுக் கல்யாணப் பெண்.

“ஆயித்து, பிடு!” என்று, ‘முடிஞ்சுது, விடு’ என்பதற்குக் கணவருக்குக் கன்னடமே வந்துவிட்டது. “இனி யாரும் அதத் தொறக்காதீங்க, தாயி.”

மனைவி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “இனி வயரு மாறுனாலும் வருமுங்களா?”

“வரும்மா.”

பெட்டியை நிறுத்தினார். என் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். இரண்டு வயரையும் மாற்றிச் சொருகி, சுவிட்சைத் தட்டினார். கல்யாணப் பெண் மறுபடி வந்து சிரிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, குங்குமச் சிமிழை எடுத்துவந்து, அழித்த இடத்திலேயே பொட்டு வைத்தார்.