ஓப்சால் வளையம்

ஒரே கேள்விக்கு இருபத்தாறு வருடம் பதில் சொல்லி அலுத்துப்போனவள் வெர்னா ஓப்சால். கேள்வி இதுதான்: வளையம் எங்கே?

வெர்னா விஸ்கான்சின் மாநிலத்தில், மாடுகளுக்கு நடுவே இருந்த ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியை. தேங்காயெண்ணெயில் பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு. அதைக் கிளிசரினோடு சேர்த்து அவள் செய்த வெள்ளைப் பொடி, கறவை மாட்டின் மடியை வீங்கவைக்கும் கிருமியைக் கொன்றது. கிருமி வளர்ந்த குழாயில் பொடியைப் போட்டுக் குலுக்கினால் அரை மணி நேரத்தில் ஒன்று மிஞ்சாது. பக்கத்துப் பண்ணையில் ஒரு குளிர்காலம் முழுக்க, பால் கறந்த கையோடு நாற்பது மாடுகளின் காம்புகளை அந்தக் கரைசலில் முக்கிப் பார்த்தாள். மடிநோய் பாதியாகக் குறைந்தது. வழக்கமாகத் தடவும் அயோடின் மருந்து பட்டு வெடித்திருந்த காம்புகளும் ஆறின. பண்ணைக்காரர் வாயிலிருந்து வார்த்தை வருவதே அபூர்வம். அவரே "தேவலை" என்றார். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஆனால் மருந்தை விற்க அனுமதி தரவேண்டியது மாடுகள் அல்ல, ஏழு பேர் கொண்ட குழு. அவர்களுக்குத் தெரிந்தது ஒரே சோதனை. கண்ணாடித் தட்டில் கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றி, அதன்மேல் கிருமியைப் பரப்பி, நடுவே மருந்தில் நனைத்த காகிதப் பொட்டை வைப்பார்கள். மறுநாள் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவாக ஒரு வளையம் தெரிந்தால் அது மருந்து. தெரியாவிட்டால் குப்பை. கூழில் பெரும்பகுதி தண்ணீர். கொழுப்பு அதில் பரவாது, பொட்டிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்ளும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது அடுப்படியில் நின்ற எவருக்கும் தெரியும். அந்த ஏழு பேரும் அடுப்படிப் பக்கம் போனதில்லை போலிருக்கிறது.

முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. வளையம் இல்லை. நான்கு வருடம் கழித்து இரண்டாவதும் வந்தது. வளையம் இல்லை. மூன்றாவது முறை நேரிலேயே போய், குழாய்களை மேசைமேல் அடுக்கி, ஒரு மணி நேரம் விளக்கினாள். தலைவர் மரியாதையாகக் கேட்டார், காபி கொடுத்தார், கடைசியில் வளையம் எங்கே என்றார். செவிடன் காதில் சங்கு ஊதியிருந்தாலாவது ஊதியவனுக்குச் சத்தம் கேட்டிருக்கும்.

பிறகு அவளுடைய மாணவன் டேல் விட்காம்ப் ஒரு வழி கண்டுபிடித்தான். கொழுப்பையும் தண்ணீரையும் கலக்கவைக்கும் ஒரு கரைப்பானில் பொடியைக் கரைத்துப் பொட்டில் விட்டான். மறுநாள் வெள்ளி டாலர் நாணயத்தின் அகலத்துக்கு வளையம். உதவியாளர் லோரேன் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். வெர்னா இன்னொரு தட்டில் கரைப்பானை மட்டும் வைத்தாள். அதிலும் அதே அகலத்துக்கு வளையம் வந்தது. கூழில் கிருமியைக் கொன்றது கரைப்பான். பொடி அங்கேயும் சும்மாதான் இருந்தது.

"அந்த இன்னொரு தட்டை யாரு கேட்டா, டாக்டர்?" என்றான் டேல். "பொடி கிருமியைக் கொல்லுறது பொய்யா? நிசம்தானே. அவங்க படம் கேக்கிறாங்க, குடுத்துட்டுப் போவோம்."

"படம் பொடியோடது இல்லையே" என்றாள் வெர்னா.

அந்தக் கோடையிலேயே அவன் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலைக்குப் போய்விட்டான்.

ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, அதே குழுவிலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பம் இல்லாமல் அவர்களே எழுதியது அதுதான் முதல் தடவை. கொழுப்பு மருந்து ஒன்று வந்திருக்கிறது, இந்தத் துறையில் உங்களைவிட்டால் ஆள் இல்லை, பரிசீலித்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்றது. பிரித்தால், டேலின் நிறுவனம். அவளுடைய பொடி. அவளுடைய நாற்பது மாடுகளின் கணக்கு. பன்னிரண்டு அழகான வளையங்களின் படங்கள். கரைப்பானை மட்டும் வைத்த தட்டு எங்கேயும் காணோம்.

கையெழுத்துப் போட்டால் வசந்தத்துக்குள் அந்த மருந்து ஒவ்வொரு தொழுவத்துக்கும் போய்விடும். உண்மையை எழுதினால் அவள் ஆயுசில் போகாது.

"போட்டுத் தொலையேன், வெர்னா" என்றாள் லோரேன். "நிசத்தைக் கொண்டுபோனப்பல்லாம் துரத்துனானுங்க. இப்போ அவனுங்களுக்குப் புடிச்ச பொய்யே வந்திருக்கு. மாடு வந்து வளையத்தைக் காட்டுன்னு கேக்கப்போகுதா?"

வெர்னாவுக்குப் போட ஆசைதான். ஆசை என்ன, வெறியே இருந்தது. மூன்று நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினாள். ஊரே கூடிச் சாப்பிடும் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக்கூட வெளியே போகவில்லை.

"நாளைக்கு எவனாவது வெறும் மாவை இந்தக் கரைப்பான்ல கரைச்சுக் கொண்டுவந்தாலும் வளையம் வரும், லோரேன்" என்றாள் நான்காம் நாள். "அதையும் மாட்டுக் காம்புலதான் தடவுவானுங்க."

குழுவுக்கு எழுதிய பதிலில், கரைப்பானை மட்டும் வைத்த தட்டு எங்கே என்று முதல் வரியில் கேட்டாள். அதற்குக் கீழே ஐந்து பக்கம். கொழுப்புக்கு இந்த வளையச் சோதனையே பொருந்தாது, குழாய்ச் சோதனையை ஏற்றுக்கொள்ளுங்கள், பொடி நல்ல மருந்து, என் பெயரில் வேண்டாம், டேல் பெயரிலாவது கொடுங்கள் என்று மன்றாடியிருந்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாள் என்று லோரேன் முணுமுணுத்துக்கொண்டே தபால்தலை ஒட்டினாள்.

மே மாதம் பதில் வந்தது. டேலின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஐந்து பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் பேராசிரியை சுட்டிக்காட்டிய குறை மிக முக்கியமானது என்றும், இனி எந்த மருந்தானாலும் கரைப்பான் தட்டும் சேர்த்து வளையச் சோதனையில் தேறியே ஆகவேண்டும் என்றும், அந்தச் சோதனைக்கு ஓப்சால் வளையச் சோதனை எனப் பெயரிட்டுக் கௌரவிப்பதாகவும் எழுதியிருந்தார்கள்.

தயவுசெய்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று வெர்னா அன்றே எழுதினாள். அவளுடைய அடக்கத்தைப் பாராட்டி இன்னொரு கடிதம் வந்தது. பெயரை எடுக்கவில்லை.