மெமோ வாங்கிக் கொடுத்த வசனம்

பார்ப்பதற்கு ஒரே ஒருவர்தான் இருந்தார், அவருக்கும் தமிழ் தெரியாது என்றால், அதை நடித்ததாகச் சொல்லலாமா? மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த தாள் இரண்டு நாளாக ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. ஆண்டுவிழாவில் பெற்றோர் போடும் நாடகத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள். 'முன்பு மேடையில் நடித்ததுண்டா? ஆம் / இல்லை.' பேனாவை 'ஆம்' பக்கம் கொண்டுபோகும்போதெல்லாம் அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்து எழுந்துவிடுகிறேன். பால் வைக்கவே இல்லை என்பது அடுப்படிக்குப் போன பிறகுதான் தெரிகிறது.

தாளுக்குப் பக்கத்தில் மகளின் சளிக்குத் தடவும் தைலம் இருந்தது. அந்த வாசனைதான் ஐரிஸ் மேடத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஓசூர் தூசி அவர் தொண்டைக்கு ஒத்துவரவில்லை. தைலம் மணக்க, கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு எங்கள் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிடுவார். இரண்டாயிரங்களின் கடைசி அது. நான் நாகரசம்பட்டியிலிருந்து வந்து, வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் பயிற்சியில் இருந்தேன். புது மெஷின் பொருத்த இங்கிலாந்திலிருந்து வந்த இன்ஜினியரின் மனைவி அவர். அங்கே நாடகத்திலும் டிவியிலும் நடிகை என்று பர்சனல் ஆபீசில் இருந்த பத்மாக்கா சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. நடிகை ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டா வருவார்?

அந்த வருடப் பாதுகாப்பு வார நாடகத்துக்கு அவரையே பழக்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். மெஷினின் தடுப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்து விரல்களை இழக்கும் தொழிலாளியின் கதை. எழுதியவர் எங்கள் சேஃப்டி ஆபீசர். தொழிலாளியாக மெயின்டனன்ஸ் முருகேசன். அவன் மனைவியாக நான். கடைசி வசனம் எனக்கு.

ஒத்திகை இடைவேளைகளில் மேடம் தன் கதையைச் சொல்வார். பத்மாக்கா தமிழில் சொல்வார், நடுவில் தெலுங்கும் கன்னடமும் புகுந்துவிடும். பத்தொன்பது வயதில் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் சேர்ந்து, இரண்டு வருடம் டீ தட்டு மட்டும் ஏந்தி வந்தாராம். பிறகு டிவியில் ஓர் ஆஸ்பத்திரித் தொடரில் ஒன்பது வருடம் நர்ஸ். கடைத்தெருவில் நிறுத்தி முழங்கால் வலிக்கு மருந்து கேட்பார்களாம். பிள்ளை உண்டாகி வயிற்றை மறைக்க முடியாமல் போனதும், கதையில் லாரி ஏற்றிக் கொன்றுவிட்டார்கள். ஒரு வருடம் லீவு என்று வீட்டில் உட்கார்ந்தது பதினோரு வருடமானது. திரும்பிப் போனபோது கிடைத்தவை அம்மா வேடங்கள், நாலு தடவை பிணம்.

"பொணம்தான் கஷ்டமாம். மூச்சு தெரிஞ்சா மறுபடி எடுப்பாங்களாம்" என்றார் பத்மாக்கா.

"நம்ம முருகேசன அனுப்புங்கக்கா. ஷிஃப்டுல அப்பிடித்தான் கெடக்கறான்" என்றேன்.

"இருமே, மேடையில உன்னப் பாத்துக்கறேன்" என்றான் அவன்.

'மழை பெய்த ஓர் ஊரில் மூன்றே பேர் வந்திருந்தும் முழு நாடகமும் போட்டோம், ஒருத்தர் உட்கார்ந்திருந்தாலும் நிறுத்தக் கூடாது' என்று மேடம் சொன்னது மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

நாடகத்தன்று, விபத்துச் சங்கு ஒலிக்க வேண்டிய இடத்தில் சிடி திக்கிக்கொண்டது. பின்னால் நின்ற முருகேசன், மெயின்டனன்ஸ்காரன் அல்லவா, ஓடிப்போய் கம்பெனியின் நிஜ ஆபத்துச் சங்கின் பட்டனையே அமுக்கிவிட்டான்.

சங்கு கேட்டால் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, ஓடாமல், வரிசையாக வேப்பமரத்தடிக்குப் போய் நிற்க வேண்டும், தலை எண்ணுவார்கள். மாதாமாதம் பழகியது. கூடம் முழுக்க எழுந்தது. கதையை எழுதிய ஆபீசர்தான் முதல் ஆள். பட்டனை அமுக்கியவனே, குங்குமத் தண்ணீரில் நனைத்த கட்டோடு வரிசையில் போய் நின்றான்.

என் காலும் நகர்ந்துவிட்டது. முன்வரிசையில் மேடம் மட்டும் எழவில்லை. மடியில் கைவைத்து, அடுத்து என்ன என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசன் வர வேண்டிய காலி வாசலைப் பார்த்துச் சொன்னேன்: "வெரலு போனா போவுது, நீ வந்துட்டியே. உள்ள வா, சாப்புடு."

வெளியே எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. விருந்தாளிகள் கணக்கு தனி, அதனால் குறைந்தது நான்தான்.

"நின்னு வசனம் பேசினியா? நெசமாவே நெருப்புன்னா என்னாம்மா பண்ணுவ?" என்றார் பத்மாக்கா. பாதுகாப்பு வாரத்தில் மெமோ வாங்கிய ஒரே ஆள் நான். அடுத்த வருடம் கூப்பிட்டபோது மாட்டேன் என்றுவிட்டேன்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் மேடம் அந்த வசனத்துக்குச் சொல்லுக்குச் சொல் அர்த்தம் கேட்டார். அர்த்தம் தெரிந்ததும் மேடம் சொன்னதைப் பத்மாக்கா தமிழில் சொன்னார்: "ஒம்பது வருசத்துல இப்பிடி ஒரு வரி அவங்களுக்கு யாரும் எழுதிக் குடுக்கலயாம். நீ எப்பயாச்சும் லீவு போட்டா, திரும்பி வர்ற மாசத்தையும் சொல்லிட்டுப் போகணுமாம்." பதினெட்டு வயதில் அது வேடிக்கையாக இருந்தது. மகள் பிறந்தபோது ஒரு வருடம் என்றுதான் வேலையை விட்டேன். மாதம் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது ஆறு வயது.

அந்தக் கூடம் இன்று குடோன். வேப்பமரம் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. மேடத்தின் கிறிஸ்துமஸ் வாழ்த்து வருவது நின்று பல வருடம். ஒருமுறை செல்போனில் தேடியபோது அந்த ஆஸ்பத்திரித் தொடரின் சின்னத் துண்டு கிடைத்தது. ஒரு நர்ஸ் முதுகைக் காட்டியபடி தள்ளுவண்டியோடு போகிறார். நடையை வைத்து அவர்தான் என்று முடிவு செய்துகொண்டேன். மறுவாரம் தேடினால் அதுவும் இல்லை.

நேற்று மகள் தாளை எடுத்துவந்தாள். "நீ நடிச்சிருக்கியா, இல்லியாம்மா?"

"ஒரு தடவ. பாதி."

"பாதிக்கு டிக் போட எடமில்லம்மா."

திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். 'ஆம்' என்று போட்டு, மேடையில் மறந்துபோய் நின்றால் அவளுக்கல்லவா அவமானம். 'இல்லை' என்று போட்டால், அன்று எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவரை நானே இல்லையென்று சொன்ன மாதிரி ஆகிவிடும். நீங்களாக இருந்தால் எந்தப் பக்கம் டிக் போடுவீர்கள்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்களேன்.